கலியாணம் கமெராவுக்கா, வந்த சனத்துக்கா? மட்டக்களப்பில் ஒரு படப்பிடிப்புச் சேவை

ஆவணியில் நடந்த என் மருமகளின், அதாவது அக்கா மகளின், கலியாணத்துக்கு மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஒரு படப்பிடிப்புக் குழுவை அமர்த்தினோம். முழுப் பெக்கேஜ். ப்ரீ ஷூட், இரண்டு போட்டோக்காரர், இரண்டு வீடியோக்காரர், ட்ரோன், மண்டபத்தில் எல்இடி திரை, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலை, பெரிய அல்பம், எல்லாம் அடங்கிய பென் டிரைவ். நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபா முடிந்தது. குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்ததில் பெரும்பகுதியை இப்போது கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் பல குழுக்களிடம் பார்க்கிறேன். பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு கடையின் குறையாகச் சுருங்கிவிடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்கள் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களை எடுப்பதற்காகக் கலியாண வீட்டையே எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதே குழுவை அதே முறையில் இன்னொரு முறை அழைக்க மாட்டேன்.

நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன். தாளும் மையும் நிறமும் எனக்குப் பழக்கம், அதனால் அல்பத்தைப் பற்றிப் பிறகு கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். படம் வேண்டாம் என்கிற ஆளும் இல்லை நான். எங்கள் பூர்வீகம் நாவலடி. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீடு போனது, வீட்டோடு அக்காவின் கலியாண அல்பமும் போனது. இப்போது நாங்கள் இருப்பது திராய்மடுவில். அக்காவின் கலியாணத்துக்குச் சாட்சியாக எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம்தான், அதுவும் சுவிஸில் இருந்த சித்தப்பாவிடம் முன்பே அனுப்பிவைத்ததால் தப்பியது. "என்ர மகளுக்கு எல்லாம் எடுத்து வைக்கணும், ஒண்டும் விடக்கூடாது" என்று அக்கா சொன்னதன் காரணம் அது. பெரிய பெக்கேஜ் எடுத்ததும் அதனால்தான். எனவே அக்காவுக்கு அந்த நான்கு இலட்சத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

ப்ரீ ஷூட் கல்லடிப் பாலத்திலும் பாசிக்குடாவிலும். கல்லடியில் புதிய பாலம் 2013 இல் திறந்த பிறகு, 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் படம் எடுக்கிறவர்களின் இடமாகிவிட்டது. மாலையில் போனால் ஒரு சோடி முடித்து நகர அடுத்த சோடி காத்து நிற்கிறது. நடக்க வருகிறவர்களை "கொஞ்சம் நில்லுங்க, ஷொட் போகுது" என்று மறிக்கிறார்கள். பாலம் ஊருக்குச் சொந்தம். வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர் எதற்காக நிற்க வேண்டும்? பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் மருமகளை ஒரு பெரிய கவுனோடு நிற்கவைத்தார்கள். மாப்பிள்ளைப் பொடியன் கூச்ச சுபாவம். அவனைத் தூக்கச் சொல்லி, சுற்றச் சொல்லி, நெற்றியில் நெற்றி வைக்கச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் இன்னொரு தரம் செய்யச் சொல்லி வெயில் இறங்கும்வரை நடந்தது. கச்சான் காற்று வேறு. அவர்கள் இரண்டு பேரும் இயல்பாகச் சிரித்த ஒரே படம், இடையில் சோடா குடித்தபோது எடுத்தது. அது அல்பத்தில் இல்லை.

சரி, அது அவர்கள் இருவரின் விருப்பம். மண்டபத்தில் நடந்ததைத்தான் என்னால் அப்படி விட முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் வந்தவர்களை வாசலில் வெற்றிலை வட்டா வைத்து வரவேற்பது முறை. பெண் வீட்டு மூத்தவர்கள் அங்கே நிற்பார்கள். வாசலில் இரண்டு பக்கமும் பூக்கம்பமும் லைட்டும் வைத்து "என்ட்ரி" எடுக்க இடம் பிடித்ததால், வட்டாவைக் காலணி கழற்றும் மூலைக்கு நகர்த்திவிட்டார்கள். திருக்கோவிலிலிருந்தும் வாகரையிலிருந்தும் பஸ்ஸில் வந்தவர்கள் பக்க வாசலால் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வரவேற்க நின்ற பெரியம்மா தேடிப்போய்த்தான் வெற்றிலை கொடுத்தா.

முகூர்த்தம் காலை 9.12. அந்த நேரத்தைக் குறித்துக்கொடுத்த ஐயா மணவறையில் தயாராக இருந்தார். மணவறைக்கு முன்னால் நான்கு கமெராக்காரர், அவர்களுக்கு உதவியாக லைட் பிடிக்க இரண்டு பொடியன்மார், இரும்புத் தண்டவாளத்தில் நகரும் ஒரு கமெரா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு டீசேட் போட்ட முதுகுகள். அம்மாவுக்கு வயது 82. மூத்த பேத்தியின் தாலி கட்டைப் பார்க்கத்தான் முழங்கால் வலியோடு வந்தா. "திரையில பாருங்க அம்மா, அதில வடிவாத் தெரியும்" என்று ஒரு பொடியன் மரியாதையாகத்தான் சொன்னான். திரையைப் பார்த்தால் அதில் பாசிக்குடா ஓடுகிறது. தாலி கட்டும் நேரத்திலும் ப்ரீ ஷூட் வீடியோவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோன மாப்பிள்ளையிடம் "அண்ணே, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று ஒருவர் சொன்னார். ஐயா மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், தவில்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கியிருக்கிறார், மாப்பிள்ளை தாலியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐயா முகம் சிவந்து "நேரம் போகுது தம்பி, கட்டுங்கோ" என்றதும்தான் கட்டினார். முடிந்த பிறகு "முடிச்சுப் போடுற மாதிரி ஒருக்கா செய்யுங்க, குளோசப் வேணும்" என்று கேட்டார்கள். கட்டிய தாலியில் மறுபடி கை வைக்கச் சொல்வதா? நான் எழுந்து போய் வேண்டாம் என்றேன். பணம் கொடுத்த எங்களையே அந்த இடத்தில் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

பிறகு புகை. மணமக்கள் மேகத்தில் நடப்பதுபோல வரவேண்டுமாம். அது உலர்பனிப் புகை, அதாவது திண்மக் காபனீரொட்சைட்டைச் சுடுநீரில் போட்டு எழுப்புவது. அது காற்றைவிடப் பாரம், தரையோடுதான் ஊரும். தரையோடு இருப்பவர்கள் யார்? மேடைக்கு முன் பாயில் உட்கார்ந்திருந்த சிறுபிள்ளைகள். கதவுகளைச் சாத்திய குளிரூட்டிய மண்டபம். இழுப்பு வருத்தம் உள்ள ஒரு பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினா. இதைப் பற்றி முன்கூட்டி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, "பெக்கேஜில இருக்கு" என்பதுதான் பதில்.

சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு என்று சமையல்காரரிடம் சொல்லியிருந்தோம். உடை மாற்றி இரண்டாவது என்ட்ரி, அதற்கு ஒரு நடனம், நடனத்தை வேறு கோணத்தில் எடுக்க மறுபடி ஒரு நடனம். மணமக்கள் உட்காராமல் பந்தி வைக்க முடியாது என்று எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். முதல் பந்தி உட்கார இரண்டு மணி ஆகிவிட்டது. சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுவிட்டு வந்த பெரியவர்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களில் இரண்டு பேருக்கு நானே குசினிக்குள் போய் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வாகரைச் சனத்தில் பாதிப்பேர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சாப்பிடாமலே எழுந்துவிட்டார்கள். கலியாண வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போவது எங்கள் ஊரில் சின்ன விசயம் இல்லை. அக்கா அன்று இரவு அழுதது அதற்காகத்தான்.

ட்ரோன் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில், நகரத்தை ஒட்டி இருக்கிறது. ட்ரோனைப் பதிவு செய்வது, பறக்கவிட அனுமதி எடுப்பது எல்லாம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினை இல்ல அங்கிள்" என்றார்கள், தாள் ஒன்றும் காட்டவில்லை. ஏதாவது நடந்திருந்தால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? மண்டபத்துக் கூரையை மேலிருந்து காட்டும் சில விநாடிகளுக்காக இந்த அபாயம் எனக்கு வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. எல்லோரும் அக்கா வீட்டில் கூடிப் பார்த்தோம். நிறம், ஒளி, வெட்டித் தொகுத்த விதம் எல்லாம் சினிமாத் தரம். ஆனால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை சினிமாப் பாட்டு. மந்திரம் இல்லை. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை. தாலி கட்டும்போது எங்கள் பெண்கள் வாயால் போட்ட குரவைச் சத்தம் இல்லை.

இது மற்ற ஊர் வாசகர்களுக்குப் புரியுமோ என்னவோ. மட்டக்களப்பில் நல்ல காரியம் என்றால் குரவை வேண்டும். கோயிலில் சாமி எழும்பும்போதும், தாலி ஏறும்போதும், மணமக்கள் படி ஏறும்போதும் பெண்கள் சேர்ந்து குரவை போடுவார்கள். எல்லோருக்கும் அது வராது. அம்மாவின் குரவை நாவலடியில் பேர்போனது, ஒரே மூச்சில் நீளமாக, மற்றவர்கள் அதைத் தொட்டுத்தான் சேர்ந்துகொள்வார்கள். முதுகுகளுக்குப் பின்னால் எதையும் பார்க்க முடியாமல் இருந்தும், மேளச் சத்தத்தை வைத்து நேரத்தைக் கணித்து அம்மா அன்று குரவை போட்டா. வீடியோ முடிந்ததும் அம்மா கேட்டா: "மனே, நான் குரவை போட்டது எங்க?"

குழுவுக்கு அழைத்துக் கேட்டேன். தொகுக்காத மூல வீடியோவையாவது தாருங்கள், அதிலுள்ள சத்தம் போதும் என்றேன். மூல வீடியோவுக்கு வேறு கட்டணம் என்றார்கள். அதையும் தருகிறேன் என்றபோது, தொகுத்து முடிந்ததும் இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அக்காவின் முதல் அல்பம் கடலோடு போனது, அதில் யாரையும் நோக முடியாது. இதை ஆட்கள் அழித்தார்கள், எங்களிடம் கேட்காமலே அழித்தார்கள்.

பாட்டுப் போடுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வீடியோவைப் பேஸ்புக்கில் ஏற்றியபோது பாட்டின் உரிமை காரணமாகச் சத்தம் வெட்டப்பட்டுவிட்டது. கனடாவில் உள்ளவர்கள் பார்த்தது ஊமைப் படம். சொந்தச் சத்தத்தை எடுத்து வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. நல்லவேளை, மாமியின் மகள் தன் போனில் தாலி கட்டைப் பிடித்திருந்தாள். படம் ஆடுகிறது, பாதி முதுகுதான். ஆனால் மேளமும் அம்மாவின் குரவையும் தெளிவாகக் கேட்கிறது. இன்றைக்கு எங்கள் குடும்பத்து வட்சப்பில் சுற்றுவது அந்த வீடியோதான்.

அல்பம். விரித்தால் 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். தாள் கனமானது, கட்டு உறுதி, பக்கங்கள் தட்டையாக விரிகின்றன, நடுவில் மடிப்பு முகத்தை வெட்டவில்லை. அச்சு வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதைச் செய்த ஆய்வுகூடம் நல்ல ஆய்வுகூடம். குறை அச்சுக்கு முன்னால் கணினியில் செய்த வேலையில் இருக்கிறது. மருமகள் கறுப்பு, நல்ல களையான கறுப்பு, அவளின் அப்பாவின் நிறம். அல்பத்தில் இருப்பது வேறு யாரோ. முகத்தை வெளுக்க வைத்திருக்கிறார்கள், கழுத்தும் கையும் பழைய நிறத்தில் இருக்கின்றன. முகத்தை வெளுக்க முழுப்படத்தையும் தூக்கியதால் கூறையின் அரக்குச் சிவப்பு செம்மஞ்சளாகிவிட்டது, தாலிக்கொடியின் பொன் நிறம் வெளிறிவிட்டது. ஒரு பக்கத்தில் அவளின் கன்னத்து மச்சத்தையும் காணவில்லை. பிறந்ததிலிருந்து அவளை அடையாளம் காட்டும் மச்சம் அது. யார் கேட்டார்கள் இதை? அவள் கேட்கவில்லை. "எல்லாரும் இப்பிடித்தான் விரும்புவாங்க" என்பது குழுவின் பதில். எல்லாரும் என்றால் யார்? ஒரு பிள்ளையின் கலியாண அல்பத்தில் அவளின் நிறத்தையே பிழையாகக் கணித்துத் திருத்துவது எனக்குப் பொறுக்க முடியாத விசயம். இது எடிட்டிங் பொடியனின் கை தவறு என்று விட முடியாது, கறுப்பை மறைக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். விடாப்பிடியாக நின்று மணவறைப் பக்கங்களை மட்டும் சொந்த நிறத்தில் மறுபடி அச்சடித்து வாங்கினேன். அதற்குப் பணம் கேட்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கனமான அல்பத்தில் வந்திருந்த சனத்துக்குக் கிடைத்தது கடைசிச் சில பக்கங்கள், அதுவும் மேடையில் வரிசையாக நின்ற குழுப்படங்கள். சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியது, சின்னக்கா மருமகளின் தலைக்குப் பூ வைத்தது, பெரியம்மாவின் வட்டா, எதுவும் இல்லை. கடலுக்குப் போன அக்காவின் பழைய அல்பத்தில் இவை எல்லாம் இருந்தன. அதை நினைத்து நாங்கள் ஏங்குவது அதிலிருந்த ஆட்களுக்காகத்தான், அவர்களில் பலர் அந்தக் கடலோடேயே போய்விட்டார்கள்.

இன்னொன்று. குடும்பத்துக்குப் படம் வர முன்னமே, குழுவின் பக்கத்தில் மருமகளின் ரீல் வந்துவிட்டது. அதில் எங்கள் பெண்பிள்ளைகள் ஆடியதும் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுதிய கருத்துகளை நான் இங்கே எழுத மாட்டேன். சொன்னதும் அன்றைக்கே எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பலர் பகிர்ந்துவிட்டார்கள். ஆட்களின் தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் பார்த்துச் செய்கிற விசயமா இது? ஒரு வீட்டுப் பிள்ளைகளின் வீடியோவை ஊருக்குக் காட்ட முன் அந்த வீட்டில் கேட்க வேண்டும்.

நேரலை நன்றாக இருந்தது. ஆவணியில் மட்டக்களப்பில் காலை 9.12 என்றால் டொரொண்டோவில் முதல்நாள் இரவு 11.42, சுவிஸில் அதிகாலை 5.42. அங்கே எல்லோரும் விழித்திருந்து பார்த்தார்கள், ஒரு முறைகூட அறுபடவில்லை. அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு மூலையில் ஒரே கமெராவை ஊன்றிவிட்டு அசையாமல் இருந்தார், யாரையும் மறிக்கவில்லை. காலையில் சொன்ன நேரத்துக்கு முன்னமே குழு முழுவதும் வந்து நின்றதையும் சொல்ல வேண்டும். மரியாதை இல்லாத பொடியன்மார் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் கலியாணம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கவில்லை, எப்படித் தெரியவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அமர்த்தப் போகிறவர்கள் இவற்றை வாயால் பேசாமல் எழுத்தில் வாங்குங்கள். தாலி கட்டும்போது மணவறைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கலாம், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை. முகூர்த்தத்தில் ஐயா சொல்வதுதான் கடைசிச் சொல் என்பதை. சாப்பாட்டு நேரத்தைத் தொடக்கூடாது என்பதை. வீடியோவில் மந்திரம், மேளம், குரவை சொந்தச் சத்தத்தோடு இருக்க வேண்டும் என்பதையும், மூல வீடியோ முழுவதும் உங்கள் கைக்கு வந்து நீங்கள் சரி என்று சொல்லும்வரை எதையும் அழிக்கக்கூடாது என்பதையும். நிறத்தில் கை வைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெளுக்கவைப்பார்கள். மிச்சப் பணத்தை மூல வீடியோ கிடைத்த பிறகே கொடுங்கள். கிடைத்ததும் மூன்று பிரதி எடுத்து மூன்று வெவ்வேறு வீட்டில் வையுங்கள், ஒன்று வெளிநாட்டில் இருந்தால் நல்லது. எங்களுக்கு ஒரே படம் மிஞ்சியது சுவிஸுக்கு அனுப்பியதால்தான்.

இந்தக் குழுவில் இரண்டாவது போட்டோக்காரராக ஒரு இளம் பொடியன் வந்திருந்தான். பெரியவர் சொன்னதை முடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் குசினிப் பக்கமும் வாசல் பக்கமும் போய் எடுத்துக்கொண்டிருந்தான். அல்பத்தில் சேராத அந்தப் படங்களைக் கேட்டபோது, தன்னுடைய கார்டில் இருந்ததைத் தானே கொண்டுவந்து தந்தான், காசு வாங்கவில்லை. பெரியம்மா வட்டாவோடு நிற்பது அதில் இருக்கிறது. அம்மா வாயருகே கை வைத்துக் குரவை போடுவதும் இருக்கிறது. தையில் தம்பியின் மகனுக்குக் கலியாணம் வருகிறது. ட்ரோன், திரை, புகை ஒன்றும் இல்லாமல் அந்தப் பொடியனை மட்டும் பேசியிருக்கிறோம், சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்ய ஒருவரும் வருகிறார்.